தவளைமேல் ஏறிய கல்யாணப் பெண்

ஏரிக்கரை ஊரான ஹெரான் வளைகுடாவில் பாதிப் பேர் பச்சை, பாதிப் பேர் மஞ்சள். அது கட்சியும் இல்லை, மதமும் இல்லை, பனிமேல் எஞ்சின் போட்டு ஓட்டுகிற பனிவண்டியின் நிறம். குடும்பத்தில் முதல் வண்டி வாங்கியவர் எந்த நிறத்தில் வாங்கினாரோ, அதுதான் கொள்ளுப்பேரன் வரைக்கும் நிறம். சர்ச்சில் ஒரே பெஞ்சில் உட்காருவார்கள். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் மறு வீட்டிலிருந்து ஏலக்காய் ரொட்டி போகும். ஆனால் ஏரி உறைந்து, கொட்டகைகளிலிருந்து பழைய வண்டிகள் வெளியே வந்துவிட்டால், பச்சைக்காரன் மஞ்சள்காரனுக்கு ஒரு ஸ்பேனர் கூட இரவல் தரமாட்டான்.

ஹில்யா கோஸ்கெலா பச்சை. அவளைவிடப் பச்சையாக ஒருத்தி அந்த ஏரிக்கரையில் பிறந்ததில்லை.

ஊராட்சிக்குப் பனி தள்ளும் லாரி ஓட்டுவது அவள் வேலை. சாலையிலிருந்து பனியை விரட்டச் சம்பளம் வாங்குவாள். வீட்டுக்கு வந்ததும் பனி போதவில்லை என்று வானத்தைத் திட்டுவாள். மிச்ச நேரமெல்லாம் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் கொட்டகையில்தான். ஐம்பது அறுபது வருஷத்துப் பனிவண்டிகளை ஊர் ஊராக அங்கே கொண்டுவந்து இறக்குவார்கள். கோழிக்கூட்டில் கிடந்தது, குளத்தில் முழுகியது, நடுவே மரமே முளைத்தது என்று எல்லாம் வரும். ஹில்யா முதலில் புகைக்குழாய்க்குள் விரலை விட்டு எலிக்கூடு இருக்கிறதா பார்ப்பாள். எப்போதும் இருக்கும். பிறகு பெட்ரோல் டாங்கைத் திறந்து மோந்து, முகத்தைச் சுளித்து, "இது பெட்ரோல் இல்ல, வார்னிஷ்" என்பாள். கார்புரேட்டரைக் கழற்றி எலுமிச்சைச் சாற்றில் போட்டுக் கொதிக்கவைப்பாள். கொதிக்கவைப்பது பெரும்பாலும் கணவன் ரெய்னோ மீன் சூப் வைக்கிற பாத்திரத்தில். முப்பத்தைந்து வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவர்கள் போட்ட சண்டையெல்லாம் அந்த ஒரு பாத்திரத்துக்காகத்தான். ரெய்னோ நல்ல மனுஷன். சூப்பில் ஆயில் மிதந்தால் வெண்ணெய் என்று நினைத்துக்கொள்வான்.

யார் எதைக் கொண்டுவந்தாலும் ஹில்யா செய்து கொடுப்பாள், மஞ்சளைத் தவிர. கேட்டால், "நரிக்குக்கூட நகம் வெட்டிவிடுவேன், மஞ்சளுக்கு ஒரு ஸ்க்ரூ திருப்ப மாட்டேன்" என்பாள்.

அவளுடைய சொந்த வண்டியின் பெயர் தவளை. ஒற்றை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்கிற பழைய பச்சை வண்டி. மகள் கைசா வயிற்றில் இருந்தபோது அதை ஒரு சதுப்பிலிருந்து தோண்டி எடுத்தாள். கைசாவின் தொட்டில் கொட்டகையில்தான் கிடந்தது. மற்றக் குழந்தைகள் தாலாட்டுக்குத் தூங்கும், இது எஞ்சின் ஓடினால் தூங்கும், அணைத்தால் வீறிட்டு அழும். பிரசவம் முடிந்து இரண்டாவது வாரமே ஹில்யா தவளையின் பிஸ்டனை மாற்றிக்கொண்டிருந்தாள் என்று ஊரில் சொல்வார்கள். அது பொய். மாற்றியது ரிங்கை மட்டும்தான்.

மஞ்சளில் மகா மஞ்சள் ஒருத்தன் உண்டென்றால் அது டெல்பர்ட் போஷாம். வளைகுடாவின் அக்கரையில் சர்ச்சுக்குப் பக்கத்தில் பெட்ரோல் பங்கும் தூண்டில் கடையும் வைத்திருப்பவன். ஆள் அலமாரி மாதிரி இருப்பான், குரல் மட்டும் கீச்சு. இருவரும் இளவயதாக இருந்தபோது ஒரு பந்தயத்தில் முடிவுக் கோட்டுக்குச் சற்று முன்னால் ஹில்யாவின் வண்டி பெல்ட் அறுந்தது. டெல்பர்ட் முந்திப் போனான். போனவன் திரும்பி வந்து, அறுந்த பெல்ட்டைப் பொறுக்கி எடுத்துப்போய்க் கடைச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டான். புழு வாங்க வருகிறவனுக்கெல்லாம் அந்தக் கதைதான். ஹில்யா அன்றிலிருந்து புழு வாங்க நாற்பது மைல் தள்ளிப் போகிறாள்.

இப்படிப்பட்ட டெல்பர்ட்டின் மகன் வெஸ்லியைத்தான் கைசா கட்டிக்கொள்ளப்போவதாகச் சொன்னாள். சாப்பாட்டு மேஜையில், இறைச்சி அடைத்த பாஸ்டி ரொட்டியைக் கடித்தபடி சர்வ சாதாரணமாகச் சொன்னாள். ரெய்னோ எழுந்து போய் மகளைக் கட்டிக்கொண்டான். ஹில்யா எழுந்து போய்க் கொட்டகையில் ஒரு எஞ்சினை முழுசாகப் பிரித்துப்போட்டாள்.

வெஸ்லியை அவளுக்குப் பிடிக்காமலில்லை. அடக்கமான பையன், தச்சு வேலை செய்கிறான், "அம்மா" என்றுகூடக் கூப்பிட்டுப் பார்த்தான். பிரச்சினை கல்யாண ஊர்வலத்தில் வந்தது. அந்த ஊரில் மாசி மாதத்துப் பனி விழாவன்று கல்யாணம் வைத்தால், பெண் பனிவண்டியில் ஏறி, உறைந்த வளைகுடாவைக் கடந்து சர்ச்சுக்குப் போக வேண்டும். ஊரே பின்னால் வரும். யாருடைய வண்டியில் போவது? தவளையில் என்றாள் ஹில்யா. என் வீட்டுக்கு வரும் பெண் என் மஞ்சள் வண்டியில்தான் வர வேண்டும் என்று டெல்பர்ட் சொல்லியனுப்பினான். சம்பந்திகள் இருவரும் நேரில் பேசவே இல்லை. நடுவில் வெஸ்லி அலைந்து அலைந்து இளைத்துப் போனான்.

கடைசியில் கைசாதான் ஒரு முடிவு கட்டினாள்.

"ரெண்டு பேரும் ஒற்றை இழுப்புப் போட்டியில இறங்குங்க. எது குறைச்ச இழுப்புல பிடிக்குதோ அதுல ஏறுவேன். ரெண்டும் பிடிக்கலைன்னா நடுவர் கஸ்ட்டோட குதிரையில வந்துடுவேன். இனிமே இதைப் பத்தி யாராவது பேசினா, வெயில் காலத்துல படகுல கல்யாணம் வச்சுக்குவேன்."

ஒற்றை இழுப்புப் போட்டி விழாவில் வருஷா வருஷம் நடப்பது. முதல் நாள் மாலையே வண்டிகளை ஐஸ்மேல் நிறுத்திவிட வேண்டும். ராத்திரியெல்லாம் அவை குளிரில் கிடந்து விறைக்கும். காலையில் கயிற்றை இழுக்க வேண்டும். சூடாக்கக் கூடாது, எதையும் கழற்றக் கூடாது. யார் குறைவாக இழுக்கிறாரோ அவர் ஜெயித்தார். பிடித்த எஞ்சின், நடுவர் ஒரு கோப்பை காப்பி குடித்து முடிக்கும்வரை அணையாமல் ஓட வேண்டும். பிறகு நடுவில் அணைக்காமல், தன் பலத்திலேயே அக்கரை சேர வேண்டும். அணைத்துவிட்டு மறுபடி இழுத்தால் அந்த இழுப்பும் கணக்கில் சேரும். நடுவர் கஸ்ட் ரவுட்டியோ, தீயணைப்புக் குழுத் தலைவன். அவனிடம் பனிவண்டியே கிடையாது, ஒரு கிழட்டுக் குதிரைதான். அதனால் இரண்டு நிறத்துக்காரர்களும் அவனை நம்பினார்கள். அவனுக்குப் பிடிக்காதவன் வண்டி பிடித்தால் மட்டும் காப்பியை ஊதி ஊதிக் குடிப்பான் என்று ஒரு பேச்சு உண்டு.

ஹில்யா இரண்டு வாரம் தவளையின் பக்கத்தை விட்டு நகரவில்லை. புது பிளக் போட்டாள். பொறி தட்டும் பாயின்ட்டின் இடைவெளியை மெல்லிய தகடு வைத்து அளந்தாள். கடைசி நாள், குளிரில் மெதுவாக இழுத்தாலும் முதல் இழுப்பிலேயே பிடிக்கட்டும் என்று, பொறி தட்டும் நேரத்தை ஒரு மயிரிழை முன்னால் தள்ளி வைத்தாள். பனி லாரியின் தகட்டை ஏற்றி இறக்கும் கம்பியைப் பிடித்துப் பிடித்து அவள் வலது தோள் வலித்துக்கொண்டிருந்தது. அதற்கும் சேர்த்துத்தான் இந்த யுக்தி.

அன்று மாலை சவுனா என்ற நீராவிக் குளியலறையில் ரெய்னோவிடம் மட்டும் மனதைத் திறந்தாள். அவளுக்குப் பயமாக இருந்தது. அக்கரை ஒன்றும் தூரமில்லை, அங்கே விளக்குப் போட்டால் இவள் அடுக்களையில் தெரியும். இருந்தாலும் பயமாக இருந்தது.

"அவன் வண்டியில ஏறிப் போனா, அவ அவங்க வீட்டுப் பொண்ணாயிடுவா ரெய்னோ."

ரெய்னோ சூடான கல்மேல் ஒரு அகப்பை தண்ணீர் ஊற்றினான். "நம்ம வண்டியில போனாலும் அங்கதானே இறங்கப்போறா" என்றான்.

அவள் அவன்மேல் மிச்சத் தண்ணீரை ஊற்றிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

விழா நாள் விடிந்தது. துப்பினால் எச்சில் தரையைத் தொடுமுன் கட்டியாகும் குளிர். ஊர் மொத்தமும் ஹில்யா வீட்டுப் பக்கத்துக் கரையில் கூடியிருந்தது. கைசா கல்யாண உடுப்புக்குமேல் அப்பாவின் மான்வேட்டைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, தலையில் முகத்திரையோடு நின்றாள். ஹில்யா நல்ல பட்டுக் கவுன்மேல் கிரீஸ் படிந்த முழுஅங்கி மாட்டியிருந்தாள். இந்தப் பக்கம் பச்சைக்காரர்கள், அந்தப் பக்கம் மஞ்சள்காரர்கள், இரண்டுக்கும் நடுவில் வெஸ்லி.

முதலில் டெல்பர்ட். இரட்டை சிலிண்டர் மஞ்சள் வண்டி. முதல் இழுப்பில் ஒரு இருமல். இரண்டாவதில் பிடித்துக்கொண்டது. கஸ்ட் காப்பியை நிதானமாகக் குடித்து முடித்து இரண்டு விரல்களைக் காட்டினான். மஞ்சள் பக்கம் கொண்டாட்டம் தாங்கவில்லை. டெல்பர்ட் ஹில்யாவைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கி மரியாதை செய்தான். அது மரியாதையில்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

ஹில்யா சோக்கை இழுத்துவிட்டாள். கயிற்றை மெல்லச் சுண்டிப் பார்த்துப் பிஸ்டன் எங்கே நிற்கிறதென்று கையால் கேட்டுக்கொண்டாள். மூச்சைப் பிடித்து இழுத்தாள். பாதி இழுப்பில் தோள் சுருக்கென்றது. கயிறு கையிலிருந்து வெடுக்கென்று உள்ளே ஓடியது. எல்லாம் போச்சு என்று நினைத்தாள். அதற்குள் தவளை, பட் பட் பட்டென்று, நீல நிறப் புகையைக் கக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்துவிட்டது.

ஒரே இழுப்பு.

பச்சைக்காரர்களுக்குத் தலைகால் புரியவில்லை. முன்பின் தெரியாதவர்களெல்லாம் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ரெய்னோ அழுதான். கஸ்ட் காப்பியைக் குடித்து முடித்துக் கோப்பையைக் கவிழ்த்துக் காட்டினான். ஹில்யா ராணி மாதிரி ஏறி உட்கார்ந்தாள், கைசா பின்னால் ஏறி அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். ஹில்யா டெல்பர்ட்டைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்து, ஆக்சிலேட்டரை அழுத்தினாள்.

தவளை பின்னால் பாய்ந்தது.

காப்பி மேஜை விழுந்தது. விழாக் குழுவின் பாஸ்டிக் கூடை விழுந்தது. கஸ்ட்டின் குதிரை கனைத்துக்கொண்டு விலகியது. ஜனங்கள் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டார்கள். ஹில்யா பிரேக்கைப் பிடித்து நிறுத்தியபோது வண்டியின் பின்பக்கம் அவள் வீட்டு விறகு அடுக்கில் முட்டிக்கொண்டிருந்தது. எஞ்சின் மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடிக்கொண்டிருந்தது.

ஹில்யாவுக்கு உடனே புரிந்துவிட்டது. டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு எந்தப் பக்கம் சுற்றுவதும் ஒன்றுதான். பொறி முன்னாலேயே தட்டி, இழுப்பும் அரைகுறையாக இருந்தால், மேலே வந்த பிஸ்டன் வந்த வழியே திரும்பி, எதிர்ப்பக்கமாகச் சுற்றத் தொடங்கிவிடும். அணைத்துவிட்டு மறுபடி இழுத்தால் சரியாகிவிடும். மறுபடி இழுத்தால் அது இரண்டாவது இழுப்பு. டெல்பர்ட்டும் இரண்டு. சமமானால் போன வருஷம் ஜெயித்தவனுக்கே வெற்றி. போன வருஷம் ஜெயித்தவன் டெல்பர்ட்.

டெல்பர்ட் கீச்சுக் குரலில் ஆட்சேபித்தான். இது ஸ்டார்ட் ஆனதாகக் கணக்கில்லை, இது பின்னால் ஸ்டார்ட் ஆனது என்றான். பச்சைக்காரர்கள் பதிலுக்குக் கத்தினார்கள். கஸ்ட் பனியிலிருந்து ஒரு பாஸ்டியைப் பொறுக்கித் துடைத்துக் கடித்துக்கொண்டே யோசித்தான்.

"ஓடணும், அணையக் கூடாது, அக்கரை சேரணும். இவ்வளவுதான் விதி. மூஞ்சி எந்தப் பக்கம் இருக்கணும்னு யாரும் சொன்னதில்ல" என்றான்.

அப்புறமென்ன, ரெய்னோவும் நான்கு பேரும் ஓடிக்கொண்டிருந்த தவளையை அப்படியே தூக்கித் திருப்பி, அதன் பின்பக்கம் சர்ச்சைப் பார்க்கும்படி வைத்தார்கள். அம்மாவும் மகளும் தங்கள் வீட்டைப் பார்த்து உட்கார்ந்தபடி, சர்ச்சை நோக்கிப் பின்னால் போகத் தொடங்கினார்கள். எதிரே, அவர்களைப் பார்த்த மேனிக்கு, ஊர்வலத்தில் முதல் வண்டியாக டெல்பர்ட் வந்தான். முப்பது வருஷமாக ஒருவரோடொருவர் முகம் கொடுத்துப் பேசாமல் காலம் தள்ளிய இருவரும், இப்போது வளைகுடா முழுக்க நேருக்கு நேர் பார்த்துக்கொண்டுதான் போக வேண்டும்.

"பின்னால என்ன இருக்குன்னு பார்த்துச் சொல்லுடி" என்றாள் ஹில்யா.

கைசா சொல்லவில்லை. அவளால் முடியவில்லை. வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். காற்றில் அவளுடைய முகத்திரை முன்னால் பறந்து வந்து இருவர் தலையையும் மூடியது. ஹில்யா ஒரு கையால் அதை விலக்கினாள், அது மறுபடி மூடியது.

"எல்லாம் வெள்ளையா தெரியுதும்மா."

வளைகுடாவின் நடுவில் ஐஸில் ஒரு வெடிப்பு உண்டு. ஓரிடத்தில் மட்டும் அதன்மேல் பலகை போட்டு, இரண்டு பக்கமும் அடையாளத்துக்கு ஸ்ப்ரூஸ் மரக்கிளை நட்டிருப்பார்கள். பலகையைத் தவறவிட்டால் உயிருக்கு ஒன்றும் ஆகாது, இடுப்புவரை சகதிப் பனி. கல்யாண உடுப்பு அவ்வளவுதான். பலகை எங்கே என்று ஹில்யாவுக்குத் தெரியவில்லை. அது தெரிகிற ஒரே ஆள் எதிரே வந்துகொண்டிருந்த டெல்பர்ட்.

அவன் இடது கையை நீட்டினான். அவள் நம்பவில்லை. அவன் மறுபடி நீட்டினான். அவனுடைய இடது அவளுக்கு வலது. இதில் பின்னால் போகும் வண்டியில் ஹேண்டிலை எந்தப் பக்கம் திருப்பினால் எந்தப் பக்கம் போகும் என்பது வேறு. தவளை நண்டுபோல் கோணிக்கொண்டு போனது. அவன் ஒன்றும் செய்யாமல் கையைக் கட்டிக்கொண்டு வந்தாலே போதும், ஜெயித்துவிடுவான். அது அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும் என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. அவனோ சீட்டிலிருந்து எழுந்து நின்று, அவள் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் அந்த அலமாரி உடம்பு மொத்தத்தையும் சாய்த்துக் காட்டினான். அவளும் சாய்ந்தாள். கைசாவும் சாய்ந்தாள். தவளை நேரானது. பின்னால் வந்த ஊரும் ஏனென்று தெரியாமலே சேர்ந்து சாய்ந்தது.

அப்போது மஞ்சள் வண்டி இருமியது. ஆயில் கலந்த பெட்ரோலில் ஓடும் வண்டியை இப்படி நத்தை வேகத்தில் நெடுநேரம் ஓட்டினால் பிளக் கறுத்து அடைத்துக்கொள்ளும். ஹில்யாவுக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். அது இன்னும் இரண்டு இருமலில் நின்றுவிடும். நின்றுவிட்டது. பலகை இன்னும் வரவில்லை.

டெல்பர்ட் வண்டியை அப்படியே போட்டுவிட்டு இறங்கி ஓடிவந்தான். அவன் கடைசியாக எப்போது ஓடினான் என்று அவனுக்கே ஞாபகம் இருந்திருக்காது. வந்த வேகத்தில் தவளையின் முன்பக்கத்து இரண்டு சறுக்குச் சட்டங்களின் நுனியையும் பிடித்துக் குனிந்து, ஒரு தள்ளுவண்டியைத் தள்ளுவதுபோல் திருப்பித் திருப்பித் தள்ளத் தொடங்கினான். அவன் முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது.

"ஆக்சிலேட்டரைக் குடு" என்று கத்தினான்.

"உன்மேல ஏத்திடுவேன்டா."

"பின்னாலதானே போற, எப்படி ஏத்துவ? குடு."

அவள் கொடுத்தாள். தவளையின் அடியில் சுற்றும் ரப்பர் பட்டை பலகைமேல் கடகடவென்று ஏறியது, கடந்தது. டெல்பர்ட் விடவில்லை. வெடிப்புக்கு இந்தப் பக்கம் வழி நேராகத்தான் இருந்தது, விட்டிருக்கலாம். கரைவரைக்கும் பிடித்துக்கொண்டே ஓடிவந்தான். ஹில்யாவும் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். முதுகுக்குப் பின்னால் மகளின் சிரிப்பு அவள் முதுகெலும்பில் அதிர்ந்தது, எதிரே டெல்பர்ட்டும் மூச்சுக்கு நடுவே சிரித்தான். சர்ச்சின் முன்னாலிருந்த பனிக்குவியலில் தவளை பின்பக்கமாக முட்டி, ஏறி, ஒரு தும்மல் போட்டு அணைந்தது.

டெல்பர்ட் பனியில் மல்லாந்து விழுந்தான். கஸ்ட் குதிரையில் வந்து சேருமுன் அவனே தீர்ப்புச் சொன்னான்.

"ஒரே இழுப்பு. அக்கரை சேர்ந்தாச்சு. ஜெயிச்சது நீதான்."

பச்சைக்காரர்கள் கூவியது இக்கரைக்கும் அக்கரைக்கும் கேட்டது. ஹில்யா கூவவில்லை. அவள் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் மஞ்சள் வண்டி தன்னந்தனியாக நின்றது. ஊர் வழக்கப்படி சடங்கு முடிந்ததும் பெண்ணும் மாப்பிள்ளையும் மாப்பிள்ளை வீட்டு வண்டியான அதில்தான் வளைகுடாவைச் சுற்றி வந்து மாப்பிள்ளை வீட்டில் இறங்க வேண்டும். பரவாயில்லை, நடந்து போய்க்கொள்வார்கள் என்றான் டெல்பர்ட், இன்னும் எழுந்திருக்காமலே.

"எந்திரி. வா" என்றாள் ஹில்யா.

போதகர் வாசலில் பைபிளோடு நின்றார். மணமகன் நின்றான். குளிருக்கு எல்லோரும் காலை மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டு, இருக்கிற பாட்டையெல்லாம் பாடினார்கள். சம்பந்திகள் இருவரும் ஐஸில் இறங்கித் திரும்ப நடந்தார்கள். ஹில்யா மஞ்சள் வண்டிமுன் மண்டியிட்டாள். ஒரு கணம் கை தயங்கியது. பிறகு மூடியைத் திறந்து, கறுத்து ஈரமாக இருந்த இரண்டு பிளக்குகளையும் கழற்றி எறிந்துவிட்டு, அங்கியின் பையிலிருந்து தன்னுடைய புதுப் பிளக் இரண்டை எடுத்து மாட்டினாள். பையில் பிளக் இல்லாமல் அவள் சவுனாவுக்குக்கூடப் போனதில்லை. அவளுக்குத் தோள் வலி என்று கயிற்றை டெல்பர்ட் இழுத்தான், ஆக்சிலேட்டரில் அவள் கை இருந்தது. கரையிலிருந்து பார்த்த இரண்டு நிறத்துக்காரர்களுக்கும் வாயில் ஈ புகுந்தாலும் தெரிந்திருக்காது.

கல்யாணம் நடந்தது. கைசாவின் முகத்திரையில் ஆயில் கறை இருந்தது, ஹில்யாவின் பட்டுக் கவுனில் கிரீஸ் இருந்தது, டெல்பர்ட்டின் தொப்பி எங்கோ போயிருந்தது. எல்லோரும் வெளியே வந்தார்கள். வெஸ்லி மஞ்சள் வண்டியில் ஏறினான், கைசா அவன் பின்னால் உட்கார்ந்து அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். ஒரு தடவை திரும்பி அம்மாவைப் பார்த்துக் கையசைத்தாள். வண்டி முன்னால் பாய்ந்து போனது.

அழுதுவிடுவோம் என்று தெரிந்ததும் ஹில்யா தலையைச் சாய்த்து எஞ்சின் சத்தத்தைக் கேட்டாள். வேறெதைக் கேட்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"இடது சிலிண்டர் சரியா அடிக்கல. நாளைக்கு என் கொட்டகைக்குக் கொண்டு வா" என்றாள் டெல்பர்ட்டிடம்.

"அது இனிமே என் வண்டி இல்ல. கல்யாணப் பரிசா உன் பொண்ணுக்குக் குடுத்துட்டேன்."

ஹில்யா மூக்கைக் கையுறையால் துடைத்துக்கொண்டாள். வண்டி வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. இடது சிலிண்டர் இப்போதும் சரியாகத்தான் அடித்துக்கொண்டிருந்தது. அது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

"அப்ப அவளையே ஓட்டிட்டு வரச் சொல்லு" என்றாள்.